பழைய வால்தர் பிஸ்டலுக்கு அட்வான்ஸ் கொடுத்து ரூ. 1,40,000 போச்சு: லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் கவனம்

காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். பெரிய நகரத்து ஆயுதக் கடை ஒன்றில் என்னிடம் ரூ. 1,40,000 வாங்கிக்கொண்டு கையை விரித்துவிட்டார்கள். கடைப் பெயரை இப்போது போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். தெருவோரக் கடை இல்லை. லைசென்ஸ் உள்ள கடை, தலைமுறை தலைமுறையாக நடக்கிறது என்று வாசலில் போர்டு வேறு. அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

சேகரிக்க எது, சுட எது, கையோடு வைத்துக்கொள்ள எது என்று விரிவாக ஒரு பதிவு போடுவதாகச் சொல்லியிருந்தேன். இப்போது அந்த மனநிலை இல்லை. இருந்தாலும் நான் ஏன் அந்தப் பிஸ்டலைத் தேடிப் போனேன் என்று புரிய வேண்டுமே, அதற்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

9 எம்.எம்., .45 குழல் அளவெல்லாம் நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட ரகம். சாதாரண லைசென்ஸில் பிஸ்டல் என்றால் .32, இல்லையென்றால் .22. சுடுகிற பயிற்சிக்கும் 25 மீட்டர் போட்டிக்கும் .22 தான் சரி, உதைப்பே இருக்காது. பாதுகாப்புக்கு என்றால் இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலையின் அஷானி .32 இருக்கிறது. சேகரிக்கிறவர்களுக்குக் கண் போவது பழைய .32 மேல்தான்: ஹேமர் (குண்டை வெடிக்க வைக்கத் தட்டும் சுத்தி) உள்ளே மறைந்திருக்கும் கோல்ட் 1903, ஹேமரே இல்லாத எஃப்.என். 1910, அப்புறம் 1929-இல் வந்த வால்தர் பிபி. முதல் இரண்டும் ஜான் பிரவுனிங் வடிவமைத்தவை, அழகான சாமான்கள். ஆனால் வால்தரில்தான் முதல் குண்டுக்கு ஹேமரை இழுத்து வைக்க வேண்டியதில்லை, சேஃப்டியைத் தள்ளினால் ஹேமர் பத்திரமாக இறங்கியும்விடும்.

2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். எங்கள் ஐயா காலத்து இரட்டைக்குழல் ஒன்று வீட்டில் இருக்கிறது, அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். மீதி ஒரே ஒரு இடம். அந்த ஒன்று சேகரிக்க, சுட, கையோடு வைத்துக்கொள்ள என்று மூன்றுக்கும் உதவ வேண்டும் என்றால் என் கணக்கில் வால்தர் பிபிதான். வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியை 1980களின் நடுவிலேயே நிறுத்திவிட்டதால், நாட்டுக்குள் இருக்கிற பழையதுதான் கை மாறிக்கொண்டிருக்கிறது. விலையும் கடைக்காரர் வாயில் வருவதுதான். இந்தக் கூட்டம் பிழைப்பதே அதில்தான்.

கடைக்காரர் உட்கார வைத்து காபி கொடுத்தார். "அண்ணே, நீங்க எந்தக் கோயில்?" என்று கேட்டார். எங்கள் நகரத்தாரில் ஒரே கோயில் என்றால் பங்காளி மாதிரி. மாத்தூர் என்றேன். முகமெல்லாம் சிரிப்பு. "பாருங்க, இந்தச் சாமானோட வீட்டுக்காரரும் மாத்தூர்க் கோயில்தான். பள்ளத்தூர்ல பெரிய வீடு. அவங்க ஐயா ரங்கூன்ல வாங்குனது. வெளியாளுக்குக் கொடுக்க மனசு வரலைங்கறாங்க, உங்களுக்குன்னா நானே பேசுறேன்" என்றார். நம் பக்கத்து ஆள் ஒருவரிடம் கோயிலைச் சொல்லிப் பேசினால் அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அது தெரிந்துதான் பேசியிருக்கிறார்.

துப்பாக்கி இன்னொரு ஊர் கிளையில் இருக்கிறது என்று போனில் படங்களைக் காட்டினார். கருநீல மெருகு குலையாமல், எழுத்து வெட்டு கூர்மையாக, ஸ்லைடிலும் (பிஸ்டலின் நகரும் மேல்பகுதி) பேரலிலும் (குழல்) கிரீடத்துக்குக் கீழே N என்ற எழுத்துடன் ஜெர்மன் சோதனை முத்திரை. 1940-க்கு முந்தையது என்று அதிலேயே தெரியும். வேறு ஒருவர் கேட்கிறார், இன்றே அட்வான்ஸ் போட்டால் நிறுத்தி வைக்கலாம் என்றார். ரூ. 1,40,000, வங்கிக் கணக்கில் போட்டேன்.

வந்த பிஸ்டலைக் கையில் வாங்கிய நிமிடமே தெரிந்துவிட்டது, படத்தில் பார்த்தது இது இல்லை. மறுபடி ப்ளூயிங், அதாவது கருநீல மெருகு, போட்டிருக்கிறார்கள். அதன் அடியில் பழைய துருக்குழிகள் அம்மைத் தழும்பு மாதிரி அப்படியே தெரிகின்றன. மெருகுச் சக்கரம் பட்டு எழுத்து ஓரமெல்லாம் மழுங்கியிருக்கிறது. பேரலில் கிரீட முத்திரை, ஸ்லைடில் 1940-லிருந்து போட ஆரம்பித்த கழுகு முத்திரை. ஸ்லைடு எண்ணும் பிரேம் (பிடியோடு சேர்ந்த அடிச்சட்டம்) எண்ணும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. இரண்டு துப்பாக்கியைப் பிய்த்து ஒன்றாக்கிய சாமானை மாத்தூர்க் கோயில் பேரைச் சொல்லி என் தலையில் கட்டப் பார்த்திருக்கிறார்கள்!

வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அந்த நிமிடத்திலிருந்து "அண்ணே" போய் "சார்" ஆகிவிட்டது. பணம் வீட்டுக்காரரிடம் போய்விட்டது என்றார்கள். சரி, அவர் நம்பரைக் கொடுங்கள் என்றால் அது ரகசியமாம். அப்புறம் முதலாளி சபரிமலை போயிருக்கிறார், கணக்குப்பிள்ளை லீவு, ஆடிட்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் "வேற துப்பாக்கி எடுத்துக்குங்க, கழிச்சுக்கலாம்" என்றார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களையும் அழித்துவிட்டார்கள். நான் முன்பே சேமித்து வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

ரசீதைக் காட்டினேன். அதில் அட்வான்ஸ் என்றே இல்லையாம், "சேவைக் கட்டணம், திருப்பித் தரப்படாது" என்று இருக்கிறதாம். தேடிக் கொடுத்ததற்குக் கூலியாம். ரூ. 1,40,000 கூலி! பணத்தை வாங்கும்போது அவர் வாயிலிருந்து வந்தது அட்வான்ஸ் என்ற ஒரு சொல்தான். என் ஆத்தா பேரில் இருந்த டெபாசிட்டை உடைத்து எடுத்த பணம் அது, ரூ. 1,40,000.

வழக்குக்குத் தாள்கள் தயாராகின்றன. நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று 2019 நுகர்வோர் சட்டம் சொல்கிறது, அந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. சிவகங்கையில் போடுகிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரும் பதிந்தாகிவிட்டது. கடையின் லைசென்ஸைப் பற்றியும் தனியாக எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

உங்களுக்கு அவசரமாகச் சொல்வது இதுதான். துப்பாக்கியை நேரில் பார்க்காமல், பிரேம் எண்ணையும் ஸ்லைடு எண்ணையும் நீங்களே படித்துப் பார்க்காமல் ஒரு ரூபாய் போடாதீர்கள். அந்த எண்ணை ரசீதில் எழுதச் சொல்லுங்கள், எழுத மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஊர், கோயில் என்று பேச்சு போனால் பேசட்டும், பணத்தை எடுக்காதீர்கள். இதே கடையிலோ இதே மாதிரி இன்னொரு கடையிலோ பணம் கொடுத்து மாட்டியவர்கள் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள், உங்கள் ரசீதிலும் "சேவைக் கட்டணம்" என்று இருந்தால் அதன் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள், வக்கீல் கேட்கிறார்.