செய்மதி இணையக் கருவி வாங்கப் போகிறவர்களுக்கு: எங்கள் 135,000 ரூபாய் போன விதம்

நேற்று மூன்றாம் தடவையும் அந்தக் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பினேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். மட்டக்களப்புப் படுவான்கரையில் வயல் வாடிக்கென்று, அதாவது காவல் குடிசைக்கென்று, செய்மதி இணையக் கருவி வாங்க எண்ணியிருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன்.

எங்கள் வயல் உன்னிச்சைக்கு அப்பால், காட்டோரம். சிக்னல் கிடையாது. கதிர் முற்றும் காலத்தில் யானை இறங்கினால் அடுத்த வாடிக்குச் சொல்லவும் வழியில்லை. வெடிச் சத்தம் கேட்டுத்தான் ஓடி வருவார்கள். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் என்ற செய்மதி இணையச் சேவை இலங்கையில் தொடங்கியதிலிருந்தே எங்களுக்கு அந்த ஆசை. சிறிய கருவி ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தான், 12 வோல்ட் பற்றரியிலும் ஓடும். ஒன்பது குடும்பங்கள் ஆளுக்கு 15,000 போட்டோம். மொத்தம் 135,000 ரூபாய். அதில் ஒரு பங்கு, தோட்டை அடகு வைத்து வந்த காசு. நம்பி என் கையில் தந்தார்கள்.

வலையிறவுப் பாலம் தாண்டி நகரத்துக்குப் போனேன். பாவித்த கைத்தொலைபேசியும் மின்பொருட்களும் விற்கும் கடை. முதலாளி கருவியை வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் வானம் பார்க்க வைத்தார். கட்டாரில் இருக்கும் தம்பியை வீடியோவில் அழைத்தேன். அவனுக்குப் பின்னால் தொங்கிய கடிகாரத்தில் மணி பார்க்கலாம், அவ்வளவு தெளிவு. "நானும் வவுணதீவுப் பக்கத்து ஆள்தான் அண்ணன். ஊர்ச் சனத்தின் காசில் கை வைப்பேனா? முதல் மாதக் கட்டணமும் நானே கட்டியிருக்கிறேன்" என்றார். அந்தச் சொல்லில் விழுந்துவிட்டேன். பற்றுச்சீட்டில் "உபகரணம் 1" என்று மட்டும் எழுதியிருந்ததைக் கவனிக்கவில்லை. கருவியின் பின்புற ஸ்டிக்கரை யாரோ நகத்தால் சுரண்டியிருந்ததைக் கண்டேன். பழைய பொருள்தானே என்று விட்டுவிட்டேன்.

பதினெட்டு நாள் ஓடியது. பத்தொன்பதாம் நாள் நின்றது.

தொலைபேசியில் கேட்டால் முதலில் "மழை முகில்" என்றார். பிறகு "மரம் மறைக்கிறது" என்றார். செய்மதிகள் சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் நகர்ந்துகொண்டே இருக்கும், கருவிக்குத் திறந்த வானம் வேண்டும் என்பது உண்மை. அந்த உண்மையைக் காட்டியே என்னை ஏய்த்தார். வாடிக்கு நிழல் தந்த மருத மரத்தின் பெரிய கிளையை என் கையாலேயே வெட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்தது "கொழும்பிலிருந்து ஆள் வருவார்". நேரில் போனால், அவருடைய மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்க, "முதலாளி இல்லை" என்றான் பையன். நேற்றுத்தான் பிடிபட்டார். "விற்ற பொருள் திருப்பி எடுக்க மாட்டோம் என்று சீட்டில் இருக்கிறது, வாசிக்கவில்லையா ஐசே?" என்றார். காசு வாங்கும்போது அண்ணன்!

மருமகன்தான் விடயத்தைக் கண்டுபிடித்தான். ஒவ்வொரு கருவியின் இலக்கமும் ஒரு கணக்கோடு பிணைந்திருக்கிறது. பழைய சொந்தக்காரர் அதைத் தன் கணக்கிலிருந்து விடுவிக்காமல் வேறு எவரும் தங்கள் கணக்கில் இயக்க முடியாது. கடை வாசலில் ஓடியது யாரோ ஒருவருடைய கணக்கில். அந்தக் கணக்கு நின்றதும் எங்கள் 135,000 ரூபாயும் செத்தது. இது அந்த முதலாளிக்குத் தெரியாதென்று நான் நம்பவில்லை.

விளக்கமாக எழுத இப்போது மனம் ஓடவில்லை. முடிந்தால் புதியதை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். பழையதென்றால், கடையில் நின்றே அதன் இலக்கத்தை உங்கள் கணக்கில் பதிந்து இயக்கிப் பார்த்த பிறகே காசை எண்ணுங்கள். அந்த இலக்கத்தைப் பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஸ்டிக்கர் சுரண்டியிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. நாளை காலை நான் முறையிடப் போகிறேன்.

குளக்கட்டில் ஏறி நின்றுதான் இதை அனுப்புகிறேன், இங்கேதான் சிக்னல் பிடிக்கும். இன்றிரவு காவல் என்னுடையது. காசு போட்டவர்களில் இருவர் வாடிக்கு வருவார்கள். அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை.