குளிர்நாட்டில் இட்லி மாவு: கிரைண்டரா, மிக்ஸியா, கடை மாவா?

வெளிநாட்டுக்குக் குடிபோகிறவர்கள் பெட்டி கட்டும்போது வீட்டில் தவறாமல் ஒரு பேச்சு எழும். கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போவதா, மிக்ஸியே போதுமா, போகிற ஊரில்தான் மாவு பாக்கெட் கிடைக்குமே, எதற்கு வீண் சுமை? நல்ல இட்லி இல்லாமல் மாதக்கணக்கில் ரொட்டியும் சீரியலுமாக ஓட்டுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அதனால் இந்தப் பேச்சை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு பேர் இருக்கிற வீடு, வாரம் தவறாமல் மாவு அரைப்பீர்கள் என்றால் கிரைண்டர். தனி ஆள், அல்லது இரண்டு பேர் என்றால் மிக்ஸியும் இட்லி ரவையும். கடை மாவு தோசைக்கு மட்டும். ஆனால் இதில் எதைத் தேர்ந்தெடுத்தாலும், அரைத்த மாவை வைக்க வெதுவெதுப்பான ஓர் இடம் வீட்டில் இல்லையென்றால் இட்லி கல்லாகத்தான் வரும். குளிர்நாட்டுக்குப் போகிறவர்கள் மெஷினைப் பற்றி யோசிப்பதற்கு முன் இந்தச் சூட்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.

முதலில் சூடு

இட்லி மாவுக்கு நாம் ஈஸ்ட் எதுவும் போடுவதில்லை. உளுந்தோடும் அரிசியோடும் ஒட்டிக்கொண்டு வருகிற பாக்டீரியாக்கள்தான் மாவைப் பொங்க வைக்கின்றன. அவற்றில் முக்கியமானது லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டஸ். மாவு புளிப்பதிலும், கரியமில வாயு உண்டாகி உப்புவதிலும் இதற்குப் பெரிய பங்கு உண்டு. 25 முதல் 30 டிகிரி வரை சூடு இருந்தால் இது சுறுசுறுப்பாக வேலை செய்யும். சென்னையில் ராத்திரி அரைத்து வைத்தால் விடிவதற்குள் பாத்திரத்தை விட்டு வழிவது அதனால்தான். லண்டனில் ஜனவரி மாதம் பல வீடுகளுக்குள்ளேயே 18, 19 டிகிரிதான் இருக்கும். படுக்கப்போகும்போது ஹீட்டரைக் குறைத்தால் அதற்கும் கீழே போகும். அங்கே அதே மாவு ஒரு நாள் முழுக்க வைத்த அளவிலேயே கிடக்கும்.

வழி இருக்கிறது. ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். பழைய வகை பல்பாக இருந்தால் அந்தச் சூடே போதும். எல்.இ.டி. விளக்கு என்றால் பலிக்காது. அப்போது கொதிக்கும் தண்ணீரை அகலமான பாத்திரத்தில் ஊற்றிக் கீழ்த்தட்டில் வைத்து, ஆறியதும் மாற்ற வேண்டும். ஓவன் கதவில் ‘உள்ளே மாவு’ என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். கூட இருப்பவர் தெரியாமல் ஓவனை முடுக்கிவிட்டால் மாவும் போச்சு, பிளாஸ்டிக் டப்பாவாக இருந்தால் ஓவனும் போச்சு.

‘இன்ஸ்டன்ட் பாட்’ என்கிற மின்சாரப் பிரஷர் குக்கரில் தயிர் போடுகிற பட்டன் இருந்தால் வேலை இன்னும் சுலபம். அதிலேயே குறைந்த சூட்டு நிலை இருக்கிறது, அதை வையுங்கள். வழக்கமான தயிர்ச் சூடு 40 டிகிரியைத் தொட்டுவிடும். அடியில் இருக்கிற மாவு லேசாக வெந்து ஒட்டிக்கொள்ளும். அழுத்த மூடியைப் போட்டுப் பூட்ட வேண்டாம். மாவு பொங்கி மேலே வந்து வால்வை அடைத்தால் மூடியைத் திறப்பது பெரும்பாடு. கண்ணாடி மூடியோ ஒரு தட்டோ போதும்.

சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய்க்காரர்களுக்கு இந்தப் பகுதியே தேவையில்லை. ஏசி ஓடாத அறையாகப் பார்த்து வைத்தால் போதும்.

கிரைண்டர்

மின்சாரத்தில் ஓடும் வெட் கிரைண்டரை 1955-இல் கோயம்புத்தூரில் உருவாக்கியவர் பி. சபாபதி. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆட்டுக்கல்லின் வேலையை அப்படியே மோட்டாருக்கு மாற்றியதுதான் அதன் சிறப்பு. கல் மெதுவாகச் சுற்றுவதால் உளுந்து வெட்டுப்படாமல் நசுங்குகிறது, சூடும் ஏறுவதில்லை. அரை மணி நேரம் சுற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றும் உள்ளே போகிறது. உளுந்தில் இருக்கிற பிசுபிசுப்பும் புரதமும் அந்தக் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பிறகு பொங்கும்போது வருகிற வாயுவையும் வெளியே விடாமல் வைத்திருப்பது இதுதான்.

உளுந்து பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, விரல் நுனியால் சிறு உருண்டை மாவைக் கிள்ளி அதில் விடுங்கள். வெண்ணெய்த் துண்டு மாதிரி மிதந்தால் சரி. அடியில் போய் உட்கார்ந்தால் இன்னும் ஐந்து நிமிடம் ஓட்டி, கை அளவு தண்ணீர் தெளித்து மறுபடி பாருங்கள். கிரைண்டரில் அரைத்த உளுந்து பெரும்பாலும் மிதக்கும். மிக்ஸியில் மிதக்க வைக்கக் கைப்பக்குவம் வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்தக் கிண்ணமே காட்டிக்கொடுத்துவிடும்.

இதனால் அளவும் மாறும். கிரைண்டரில் நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து தாராளம். மிக்ஸியில் மூன்றுக்கு ஒன்று போட்டால்தான் அதே மென்மை வரும்.

குறைகளும் இருக்கின்றன. இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டரே பத்துக் கிலோ இருக்கும். பல விமானங்களில் ஒரு பெட்டிக்கு 23 கிலோதான் அனுமதி, அதில் பாதியைக் கல்லே தின்றுவிடும். அடுத்தது மின்சாரம். இந்தியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், துபாய் எல்லாம் ஏறக்குறைய இதேதான். பிளக்கை மட்டும் மாற்றினால் ஓடும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்மூர்க் கிரைண்டரை அங்கே வோல்டேஜை ஏற்றும் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் ஓட்ட முடியாது. டிரான்ஸ்பார்மர் வோல்டேஜை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. கிரைண்டரில் இருப்பது ஹெர்ட்ஸுக்கு ஏற்ப வேகம் மாறும் இண்டக்ஷன் மோட்டார், அது அங்கே ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுற்றும், சத்தமும் சூடும் கூடும். அமெரிக்கா, கனடா போகிறவர்கள் இங்கிருந்து சுமக்க வேண்டாம் என்பேன். அல்ட்ரா போன்ற நிறுவனங்கள் அந்த ஊருக்கென்றே 110 வோல்ட் என்று குறித்த மாடல்கள் செய்கின்றன, அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேடைமேல் ஒரு தடிமனான துண்டை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் கிரைண்டரை வையுங்கள். அதிர்வு கீழ்வீட்டுக்கு இறங்காது. ராத்திரி பத்து மணிக்கு மேல் அரைக்காதீர்கள்.

மிக்ஸி

மிக்ஸியை மட்டம் தட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டு பேருக்கு ஒரு ஆழாக்கு உளுந்து அரைக்கக் கிரைண்டரை எடுத்து, கல்லைக் கழுவி, டிரம்மைக் கழுவி, துடைத்து வைப்பதற்குள் பசியே போய்விடும்.

மிக்ஸியின் குறை வேகம்தான். நம்மூர் மிக்ஸிகள் நிமிடத்துக்குச் சுமார் 18,000 சுற்று சுழல்கின்றன. பிளேடு வெட்டிக்கொண்டே போவதால் ஜார் சுடும், மாவும் சுடும். ஊரில் இருக்கும்போது ஐஸ் தண்ணீர் விட்டு அரைக்கச் சொல்வது இதற்காகத்தான். ஆனால் குளிர்நாட்டுக் குளிர்காலத்தில் குழாயில் வருகிற தண்ணீரே ஐஸ் மாதிரி இருக்கும். அதை ஊற்றி அரைத்தால், அரைத்து முடிக்கும்போது மாவு கைக்கு இதமான வெதுவெதுப்பில் நிற்கும். பொங்குவதற்கு அதுவே நல்ல தொடக்கம். சென்னையில் மிக்ஸிக்குச் சொல்லப்படுகிற பெரிய குறை எடின்பரோவில் பாதிக்கு மேல் காணாமல் போகிறது.

மிக்ஸியை நம்புகிறவர்கள் அரிசியை அதில் அரைக்கவே வேண்டாம். பிளேடு அதிகம் திணறுவது அரிசியில்தான். இந்தியக் கடைகளில் இட்லி ரவை என்றே பாக்கெட் போட்டு விற்கிறார்கள், புழுங்கலரிசியை உடைத்த ரவை அது. ஒரு கப் முழு உளுந்தை ஊறவைத்து, விட்டுவிட்டு ஓட்டி, பொங்கப் பொங்க அரையுங்கள். இரண்டு கப் ரவையைக் கழுவி ஊறவைத்து, கையால் ஒட்டப் பிழிந்து அதில் சேருங்கள். உப்புப் போட்டுக் கையால் நன்றாக அடித்துக் கலக்கினால் மாவு தயார். உளுந்தோடு கால் டீஸ்பூன் வெந்தயமும் இரண்டு பிடி அவலும் சேர்த்து ஊறவைத்தால் மென்மை கூடும். இந்த இட்லியைக் கிரைண்டர் இட்லி பக்கத்தில் வைத்தால் சற்றே நறநறப்பு தெரியும். சாம்பாரில் போட்டு ஊறிவிட்டால் தெரியாது.

இட்லி அரிசியே கிடைக்காத சிற்றூரில் இருந்தால், பிரிட்டன் சூப்பர் மார்க்கெட்டுகளில் ஈஸி குக் என்று போட்டு விற்பது புழுங்கலரிசிதான். இட்லி கொஞ்சம் விறைப்பாக வரும், தோசைக்குப் பழுதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள்: உளுந்தின் வயது. வெளிநாட்டுக் கடைகளின் அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த உடைத்த உளுந்தை எந்த மெஷினில் அரைத்தாலும் காணாது. பாக்கெட்டில் தேதி பார்த்து, தோல் நீக்கிய முழு உளுந்தாக வாங்குங்கள்.

மிக்ஸியை ஊரிலிருந்து அமெரிக்கா கொண்டுபோகிறவர்கள் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். கிரைண்டர் சுமார் 150 வாட், மிக்ஸி 750 வாட். மிக்ஸிக்கு வேண்டிய டிரான்ஸ்பார்மரே ஒரு பெரிய சுமை. அங்கேயே 110 வோல்ட் மிக்ஸி வாங்குவது மேல்.

கடை மாவு, பாக்கெட் மிக்ஸ்

தமிழர்கள் அதிகம் இருக்கிற ஊர்களில் இப்போது பிரிட்ஜில் வைத்த மாவு எளிதாகக் கிடைக்கிறது. வேலை முடிந்து எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு அது பெரிய உதவி, அதைக் குறை சொல்ல மாட்டேன். இட்லிக்கு அது ஏன் சரிவருவதில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. மாவு ஏற்கெனவே பொங்கி முடிந்தது. வண்டியில் குலுங்கி, டப்பாவில் ஊற்றி, மறுபடி குலுங்கி வருவதற்குள் உள்ளே இருந்த காற்றெல்லாம் போய்விடுகிறது, புளிப்பு மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது. தட்டில் ஊற்றினால் தட்டையாக, புளித்த இட்லி வரும். தோசைக்கு உள்ளே காற்று அவ்வளவாக வேண்டாம், புளிப்பும் முறுகலும்தான் வேண்டும். அதனால் அதே மாவில் தோசை அருமையாக வரும்.

பாக்கெட் மிக்ஸில் ரவா இட்லியை மட்டும் வாங்குவேன். இரண்டாம் உலகப் போரின்போது அரிசித் தட்டுப்பாடு வந்தபோது பெங்களூரின் எம்.டி.ஆர். உணவகம் ரவையில் செய்து பார்த்த பண்டம் அது. மாவை ராத்திரி முழுக்கப் பொங்க வைக்காமலேயே செய்கிற இட்லி என்பதால், மிக்ஸில் செய்தாலும் ருசி குறைவதில்லை. அரிசி இட்லி மிக்ஸில் சோடா வாடை முன்னால் நிற்கும்.

பாத்திரம், பிறகு பிரிட்ஜ்

ஐரோப்பிய வாடகை வீடுகளில் இண்டக்ஷன் அடுப்பு பரவலாக இருக்கிறது. அலுமினிய இட்லிப் பானை அதில் சூடாகவே செய்யாது. அடியில் காந்தம் ஒட்டுகிற எவர்சில்வர் பானை வேண்டும், தட்டு மட்டும் எதுவாகவும் இருக்கலாம். இரும்புத் தோசைக்கல்லுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

பொங்கிய மாவைக் கரண்டியால் கிளறாமல் மேலாக எடுத்து முதல் நாள் இட்லி ஊற்றிவிடுங்கள். மீதியைப் பிரிட்ஜில் வைத்தால் அடுத்த இரண்டு நாள் தோசை. அதற்குப் பிறகு புளிப்பு ஏறியதும் வெங்காயம், பச்சை மிளகாய் தூவி ஊத்தப்பம். கடைசியில் தங்குகிற இரண்டு கரண்டியில் கடுகு தாளித்துக் கொட்டி, பணியாரக் கல்லில் விட்டு எடுத்தால் டப்பா காலி. அன்று ராத்திரியே அடுத்த உளுந்தை ஊறப்போடலாம்.