ராஜினாமாவுக்குப் பிறகு ஆஃபர் ரத்தானால்: திரும்புவதா, தேடுவதா, வழக்குப் போடுவதா?

ராஜினாமா கொடுத்து, நோட்டீஸ் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. சேரவிருந்த நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது: "வணிகச் சூழல் மாற்றம் காரணமாகத் தங்கள் நியமனத்தைத் தொடர இயலவில்லை." அதன் பிறகு மூன்று வழிகள்தான் இருக்கின்றன. ராஜினாமாவைத் திரும்பப் பெற்றுப் பழைய இடத்திலேயே தொடரலாம். மிச்சமிருக்கும் நாட்களில் வேறு வேலை பிடிக்கலாம். வாக்குத் தவறிய நிறுவனத்திடம் இழப்பீடு கேட்கலாம். எனக்கு இது நேர்ந்தபோது முதல் வழியில் போனேன். இன்று யார் கேட்டாலும் அதையே முதலில் முயன்று பார்க்கச் சொல்வேன். ஒரு தொழிற்சாலையில் சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை. ராஜினாமாவோடு ஒருவருடைய கணக்கில் எதெல்லாம் அறுந்துபோகிறது என்பதைத் தினமும் பார்க்கிறேன். என் சாய்வுக்குக் காரணம் அதுதான்.

இதில் வேலை இழந்தவரின் திறமைக்குக் குறை எதுவும் இல்லை. 2022 ஜூனில் அமெரிக்க கிரிப்டோ நிறுவனமான காயின்பேஸ், ஆட்கள் ஏற்றுக்கொண்டுவிட்ட ஆஃபர்களையே ரத்து செய்தது. சந்தை சரிந்தால் வாசலில் நிற்பவரைத்தான் முதலில் திருப்பி அனுப்புகிறார்கள். அந்த மின்னஞ்சலையும் ஆஃபர் கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள், கோபத்தில் பதில் எழுதாதீர்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். செய்துவிட்டு மேலே போகலாம்.

வழக்கு என்றதும் இரண்டு விதமான தவறான எண்ணங்கள் உலவுகின்றன. ஆஃபர் கடிதம் வெறும் காகிதம் என்பது ஒன்று. கோர்ட்டுக்குப் போனால் அந்த வேலையையே வாங்கிவிடலாம் என்பது இன்னொன்று. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒரு முன்மொழிவை நாம் ஏற்று அதைத் தெரிவிக்கும் முன்புதான் எதிர்த்தரப்பு அதைத் திரும்பப் பெற முடியும். ஏற்று அனுப்பிய பிறகு ரத்து செய்வது, கடிதத்திலுள்ள நிபந்தனைகளைப் பொறுத்து, ஒப்பந்த மீறலாகலாம்; பிரிவு 73இன்படி இழப்பீடும் கேட்கலாம். ஆனால் தனிப்பட்ட உழைப்பைச் சார்ந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றியே தீரவேண்டும் என்று நீதிமன்றம் பொதுவாகக் கட்டாயப்படுத்துவதில்லை. கிடைத்தால் பணம்தான் கிடைக்கும், நாற்காலி கிடைக்காது. "பின்னணிச் சரிபார்ப்புக்கு உட்பட்டது", "எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யும் உரிமை உண்டு" என்பது போன்ற வரிகள் ஆஃபர் கடிதத்தில் இருந்தால் அந்தப் பணமும் இழுபறிதான். நான் நீதிமன்றம் போகவில்லை. நடந்ததைக் குறிப்பிட்டு, எனக்கு ஏற்பட்ட நஷ்டத்தைக் கேட்டு ஒரு கடிதம் அனுப்பியதோடு சரி. வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது, பணம் வரவில்லை. ஆகவே வழக்கு எப்படி நடக்கும் என்று அனுபவத்திலிருந்து பேச என்னிடம் எதுவும் இல்லை.

ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போட 3 ஆண்டு அவகாசம் உண்டு. ராஜினாமாவைத் திரும்பப் பெற அந்தக் கடைசி வேலை நாள் வரைதான் அவகாசம். எந்தக் கதவு முதலில் மூடுகிறதோ அதை முதலில் தட்டுவதுதான் புத்தி. பழைய வேலையில் தொடர்ந்தால் நஷ்டம் குறைந்து இழப்பீடும் குறையுமே என்று சிலர் தயங்குகிறார்கள். நஷ்டத்தைக் குறைத்துக்கொள்ள வழி இருந்ததா என்பதையும் பிரிவு 73 கணக்கில் எடுக்கச் சொல்கிறது. திரும்ப வாய்ப்பிருந்தும் சும்மா இருந்தால் அதுவும் நமக்கு எதிராகத்தான் போகும்.

வேறு வேலை தேடுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நோட்டீஸ் காலத்தில் இருப்பவருக்கு ஒரு சாதகம் இருக்கிறது: உடனே சேரக்கூடியவர் என்பதால் ஆள் எடுப்பவர்கள் முன்னுரிமை கொடுப்பார்கள். மூன்று மாத நோட்டீஸ் வழக்கமாகிவிட்ட ஐடி துறையில் இதற்கு நல்ல மதிப்பு. தேடிக்கொண்டிருந்த நாட்களில் நாம் வேண்டாம் என்று மறுத்த இன்னொரு நிறுவனம் இருந்தால் அவர்களுக்கு முதலில் போன் செய்வது நல்லது. எனக்குப் பிடிக்காதது, கடைசி நாள் நெருங்க நெருங்கக் கிடைத்ததை வாங்கிக்கொள்ளும் மனநிலை வந்துவிடுவதுதான். சம்பளம் பேசும் இடத்தில் நம் அவசரம் எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். பழைய வேலையைக் கையில் வைத்துக்கொண்டும் தேடலாம் என்பதால், இதை முதல் வழிக்குப் போட்டியாகவே நான் பார்க்கவில்லை.

இனி திரும்புவது. இதில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது பணித் தொடர்ச்சி. மேலாளர் முகம் சுளிப்பார், சக ஊழியர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலையெல்லாம் சில வாரங்களில் தேய்ந்துவிடும். தொடர்ச்சி அறுந்தால் மட்டும் ஒட்டவைக்க முடியாது.

என் விஷயத்தில் மனிதவள மேலாளர் நல்ல மனதோடுதான் பேசினார். "நீங்கள் இருப்பதில் எங்களுக்கு ஆட்சேபணையே இல்லை. இந்தக் கணக்கை முடித்துவிட்டு, மறுநாள் தேதியில் புதிய நியமன உத்தரவு போட்டுவிடலாம். கம்ப்யூட்டரில் அது சுலபம்" என்றார். கேட்க இதமாக இருந்தது. சம்பளமும் அதே, மேஜையும் அதே. ஆனால் அந்த ஒரு நாள் மாற்றத்தில் நான் புது ஆளாகிவிடுவேன். "வேண்டாம் சார், புதிய உத்தரவு வேண்டாம். ராஜினாமாவைத் திரும்பப் பெற்றதாக ஏற்றுக்கொண்டு ஒரு வரி எழுதிக் கொடுங்கள், போதும்" என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு நிர்வாகத்திடம் பேசி ஒப்புதல் வாங்கிக் கொடுத்தார்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம்? பணிக்கொடையை, அதாவது கிராஜுவிட்டியை, எடுத்துக்கொள்ளுங்கள். நிரந்தர ஊழியருக்கு 5 ஆண்டுத் தொடர் பணி வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி; 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது மாறவில்லை. கடைசிச் சம்பளத்தில் 26இல் 15 பங்கை ஆண்டுகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். பணிக்கொடைக்குக் கணக்கிடும் மாதச் சம்பளம் 40,000 ரூபாய் என்றால் 5 ஆண்டுக்கு ஏறத்தாழ 1,15,385 ரூபாய். நாலரை ஆண்டு முடித்தவர் புதிய நியமனத்துக்குத் தலையாட்டினால், அந்த நாலரை ஆண்டும் கணக்கிலிருந்து போய்விடும். மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே தகுதி உண்டு என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் முழுதாக ஐந்து ஆண்டு ஆகாமல் கொடுக்க மறுக்கும் நிர்வாகங்கள் இருக்கின்றன. அந்த விளிம்பில் இருப்பவர்கள் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

பணிக்கொடையோடு முடியவில்லை. புதிய நியமனம் என்றால் சோதனைக் காலம் மறுபடி தொடங்கும். அந்தக் காலத்தில் குறைந்த நோட்டீஸில் அனுப்பிவிடவும் முடியும். குழு மருத்துவக் காப்பீட்டில் கடைசி வேலை நாளோடு பெயர் நீங்கும். வீட்டில் சர்க்கரை நோயோடு அப்பாவோ அம்மாவோ அந்தப் பாலிசியில் இருந்தால், புதிதாகத் தனி பாலிசி எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 ஆண்டு வரை காத்திருப்பு வைக்கக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. பி.எஃப். கணக்கில் விலகிய தேதியைப் பதிந்துவிட்டால் அதைத் திருத்தப் படிவங்களோடு அலைய நேரலாம். அந்தப் படிவங்களோடு அலைபவர்களின் முகத்தை என் மேஜைக்கு எதிரே பார்த்திருக்கிறேன்.

சட்டத்தின் ஆதரவும் ஓரளவு உண்டு. அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி சதீஷ் சந்திரா 1977 மே மாதம், ஆகஸ்ட் 1 முதல் விலகுவதாக எழுதிவிட்டு, ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றார். செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1978இல் தீர்ப்பளித்தது. 2005இல் பொதுத்துறை நிறுவனமான பாரத் எர்த் மூவர்ஸ் தொடர்பான வழக்கில், ராஜினாமாவை ஏற்றுவிட்ட பிறகும், பணியிலிருந்து விடுவிக்கும் நாளுக்கு முன் அதைத் திரும்பப் பெறலாம் என்று சொன்னது. இவை நீதிபதி பதவியும் பொதுத்துறையும் சம்பந்தப்பட்டவை. தனியார் நிறுவனத்தில் நம் நியமன உத்தரவின் விதிகளும் நிர்வாகத்தின் மனமும்தான் முன்னால் நிற்கும். அதனால் கடிதத்தை எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. நம் இடத்துக்கு ஆள் தேர்வாகிவிட்டால் நல்ல மனமுள்ள மேலாளராலும் ஒன்றும் செய்ய முடியாது. என் தொழிற்சாலையில் ஆள் பற்றாக்குறை இருந்தது எனக்கு உதவியது. மென்பொருள் நிறுவனத்தில் இருந்த நண்பருக்கு இதே கோரிக்கை மறுக்கப்பட்டது.

கடிதத்தில் "மீண்டும் வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதாதீர்கள். நான் எழுதியது இவ்வளவுதான்: "என் ராஜினாமாக் கடிதத்தை, அது நடைமுறைக்கு வருமுன், இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன். என் பணித் தொடர்ச்சியும் பணி மூப்பும் மாறாமல் நீடிக்க ஆவன செய்யக் கேட்டுக்கொள்கிறேன்." மேலாளரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அந்த ஆண்டு ஊதிய உயர்வு சுமாராகத்தான் வந்தது. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

ஒப்புதல் எழுத்தில் வந்த பிறகு அடுத்த மாதச் சம்பளச் சீட்டில் பணியில் சேர்ந்த தேதி பழையதுதானா, பி.எஃப். இணையதளத்தில் விலகிய தேதி ஏதும் ஏறியிருக்கிறதா, காப்பீட்டுப் பட்டியலில் குடும்பத்தினர் பெயர் இருக்கிறதா என்று மூன்றையும் பார்த்துவிடுங்கள். கடைசி நாள் தாண்டிய பிறகுதான் ஆஃபர் ரத்தானது என்றால் இந்த வழி மூடிவிட்டது; மறுநியமனமாவது கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டே வேறு வேலை தேட வேண்டியதுதான். அந்த இடைவெளியில் பி.எஃப். பணத்தை எடுத்துவிடாமல், அடுத்த நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றிக்கொள்ளும்வரை விட்டுவையுங்கள். 5 ஆண்டுக்குள் எடுத்தால் வரியும் கட்ட நேரும்.