வட்டிக் கடனும் முளாரபாவும்: மக்கா வணிகரின் இரு வழிகள்

விளைநிலமற்ற மக்காவில் குறைஷியர் என்னும் குலத்தார் வணிகத்தை நம்பியே வாழ்ந்தனர். அவர்களின் குளிர்காலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் குர்ஆனே குறிப்பிடுகிறது. அத்தகைய நெடும்பயணத்துக்கு முதல் திரட்ட இரு வழிகள் இருந்தன.

வட்டிக் கடனில், ஒட்டகங்கள் கொள்ளைபோனாலும் சரக்கு விலைபோகாவிட்டாலும் முதலையும் வட்டியையும் கடன்பட்டவரே செலுத்த வேண்டும். தவணை தவறினால் கடன் பன்மடங்காகும்.

முளாரபாவில் ஒருவர் முதலிட, மற்றவர் உழைப்பார். இலாபம் முன்பே பேசிய விகிதப்படி பிரியும்; பயணம் செய்தவரின் கவனக்குறைவால் நேராத நட்டம் முதலிட்டவரையே சேரும், உழைத்தவர் தம் உழைப்பின் பயனை மட்டும் இழப்பார். இஸ்லாம் முன்னதைத் தடுத்தது, பின்னதை ஏற்றது. 632-இல் நிகழ்த்திய இறுதிப் பேருரையில் நபிகள் நாயகம் முதன்முதலாகத் தள்ளுபடி செய்தது, தம் சிறிய தந்தை அப்பாஸுக்கு வரவேண்டிய வட்டியைத்தான்.

ஆயினும் முளாரபா குறையற்றதன்று. தொலைவூரில் விற்றுத் திரும்பியவர் சொல்லும் கணக்கை முதலிட்டவர் நம்பியே ஆக வேண்டும். மக்காவின் வணிகப் பெண்மணி கதீஜா அம்மையார் தம் சரக்குகளைச் சிரியாவுக்குக் கொண்டுசெல்ல, ‘அல் அமீன்’ (நம்பிக்கைக்குரியவர்) எனப் பெயர்பெற்றிருந்த இளைஞர் முகம்மதைத் தேர்ந்ததாக மரபு கூறுவதை இந்த நோக்கிலேயே படிக்க வேண்டும் எனக் கருதுகிறேன்.