நர்ஸ் இன்டர்வியூவுக்குச் சுடிதார்: ஒப்பணக்கார வீதிக் கடை ஒன்றைப் பற்றி

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐசியூ ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். தங்கை பி.எஸ்சி. நர்சிங் முடித்து, நர்சிங் கவுன்சில் பதிவும் கைக்கு வந்து, முதல் இன்டர்வியூவுக்குக் கிளம்பினாள். உடை எடுக்க ஒப்பணக்கார வீதியில் இருக்கும் ஒரு மூன்று மாடி ஜவுளிக்கடைக்குக் கூட்டிப்போனேன். கடைப் பெயர் வேண்டாம், கொஞ்சம் திட்டவும் போகிறேன்.

"இன்டர்வியூவுக்குங்களா? இதப் பாருங்க்கா, எடுப்பா இருக்கும்" என்று சேல்ஸ் பெண் விரித்துப் போட்டது கழுத்தைச் சுற்றிக் கண்ணாடி வேலை செய்த ஜார்ஜெட். நர்ஸ் வேலைக்கு என்றதும் வெள்ளை வெளேர் என்று ஒன்று வந்தது. பாவம், சீருடை என்றே நினைத்துவிட்டார். கடைசியில் மூன்றாவது மாடியில், அதிகம் யாரும் எட்டிப் பார்க்காத மூலையில், கரும்பச்சையில் பொடிக்கட்டம் போட்ட காட்டன் செட் கிடைத்தது. விலை 1,150 ரூபாய். வியர்வை தெரியாத நிறம், மூடிய கழுத்து, பக்கத்தில் ஒரு பை. பேனா வைக்கப் பை இருந்தால் எனக்குப் பாதி திருப்தி.

மீதிப் பாதிக்கு டிரையல் ரூம். எங்கள் துறை இன்டர்வியூவில் நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்வதோடு விட மாட்டார்கள். பல இடங்களில் பொம்மையைத் தரையில் கிடத்தி சிபிஆர், அதாவது இதயம் நின்றவருக்கு மார்பை அமுக்கிச் செய்யும் முதலுதவி, செய்யச் சொல்வார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அமுக்கல், குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம், முழங்கை மடங்கக் கூடாது. அந்த நிலையில் சுடிதார் அக்குளில் பிடிக்கிறதா, குனிந்தால் கழுத்து இறங்குகிறதா, துப்பட்டா பொம்மையின் முகத்தில் விழுகிறதா என்று பார்க்காமல் பில் போடுவதில் அர்த்தமில்லை. ஆனால் அந்த டிரையல் ரூமில் மண்டியிடக்கூட இடமில்லை. தங்கை வெளியே வந்து நைட்டி ஸ்டாண்டுகளுக்கு நடுவே மண்டி போட்டு, கையை நீட்டி, காற்றை அமுக்கினாள். "என்ன பண்றீங்க கண்ணு?" என்று ஒரு பாட்டி நின்றுவிட்டார். அமுக்கியதில் தெரிந்தது, அக்குள் இறுக்கம்.

அப்புறம் கை நீளம். கிட்டத்தட்ட மணிக்கட்டு வரை, நுனியில் பட்டன். கை கழுவிக் காட்டுங்கள் என்று சிங்க் முன்னால் நிறுத்தினால், சோப்பு போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும். அதற்குள் அந்த நுனி சொட்டச் சொட்ட நனைந்துவிடும். இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளில் 2008 முதலே முழங்கைக்குக் கீழே சட்டைக் கை, வாட்ச், வளையல் எதுவும் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். நோயாளியைத் தொடும் வேலைக்கு ஆள் எடுப்பவர்களின் கண் நேரே கைக்குத்தான் போகும்.

இங்கேதான் கடைக்கு முழு மார்க். தரைத்தளத்தில் படிக்கட்டுக்குக் கீழே ஒரு ஆல்டரேஷன் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, "அரை இஞ்ச் துணி விட்டிருக்காங்க, பிரிச்சரலாம்" என்றார். அக்குளைப் பிரித்து விட்டு, கையை முழங்கைக்கு மேலே வெட்டி மடித்துத் தைத்துக் கொடுத்தார். மொத்தம் 80 ரூபாய். புதுத் தையல் எங்கே தொடங்குகிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இனி திட்டு. செட்டோடு வரும் பேன்ட் வெளிச்சத்தில் நின்றால் கால் தெரியும் அளவுக்கு மெலிசு. தனியாக ஒரு கறுப்புக் காட்டன் பேன்ட் 450 கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. முதல் அலசலில் பக்கெட் தண்ணீர் பச்சையாகிவிட்டது. மாற்றித் தரக் கேட்டால், துவைத்ததை எடுக்க மாட்டோம் என்கிறார்கள். துவைக்காமல் சாயம் போகும் என்று எப்படித் தெரியும்? கல்லுப்பு போட்டு ஊறவைத்தேன், பெரிய மாற்றமில்லை. மூன்றாவது அலசலுக்குப் பிறகுதான் தண்ணீர் தெளிந்தது. இன்டர்வியூவுக்கு முதல் நாள் வாங்குவதாக இருந்தால் இந்தக் கடை வேண்டாம்.

துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்தி, முனைகளை இடுப்பில் முடிந்து அனுப்பினேன். சிபிஆர் செய்யச் சொன்னார்களாம், நழுவவில்லையாம். ரிசல்ட் இன்னும் வரவில்லை.

போவதாக இருந்தால் வார நாளில் காலையிலேயே போங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆல்டரேஷன் அண்ணனுக்கு லீவு.