வெள்ள நேரத்தில் மாவட்ட நிர்வாகம் எதில் பேசுவது? வாட்ஸ்அப், எஸ்.எம்.எஸ்., செல் பிராட்காஸ்ட்

கலெக்டர் முதல் வி.ஏ.ஓ. வரை எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப், கீழிருந்து மேலே தகவல் வர அருமையான வழி. ஏரிக்கரை உடைப்பின் படமும் லொகேஷனும் ஒரு நிமிடத்தில் வந்துவிடும். அதே குரூப்பில் உத்தரவு போட்டால்தான் சிக்கல். வரிசையாக விழும் "நோட்டட் சார்"களுக்கு அடியில் அது காணாமல் போகும். நீல டிக்கை வைத்து வேலை நடந்ததா என்று சொல்ல முடியாது.

எனவே குரூப்பை இரண்டாகப் பிரியுங்கள். உத்தரவுக்கான குரூப்பில் அட்மின் மட்டும் எழுதட்டும். கள நிலவரம் இன்னொன்றில் வரட்டும். "தாழ்வான பகுதி மக்களை உடனே அப்புறப்படுத்தவும்" என்று எழுதினால் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்றுதான் ஒவ்வொருவரும் இருப்பார்கள். "ஆற்றங்கரைத் தெரு, 17ஆம் தேதி மாலை 6க்குள், பொறுப்பு வருவாய் ஆய்வாளர், முகாமுக்கு வந்தவர்கள் எண்ணிக்கை 6.30க்கு வேண்டும்" என்றால் தட்டிக்கழிக்க வழியில்லை. வாய்ஸ் நோட் வேண்டவே வேண்டாம். அவசரத்தில் தேடி எடுக்க முடியாது. முக்கிய உத்தரவை அன்றே கோப்பிலும் ஏற்றிவிட வேண்டும். அதிகாரி மாறுதலில் போனால் போனும் கூடவே போய்விடும்.

பொதுமக்களுக்கு வாட்ஸ்அப்பை மட்டும் நம்பக் கூடாது. ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியே அனுப்பும் அதன் பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர்தான். அதிலும் உங்கள் எண்ணைச் சேமித்தவருக்கே செய்தி போகும். "நாளை விடுமுறை" என்று தேதியில்லாமல் போட்டால், இரண்டு நாள் கழித்தும் அது ஃபார்வர்டில் சுற்றிக்கொண்டிருக்கும்.

எஸ்.எம்.எஸ். பட்டன் போனுக்கும் போகும். ஆனால் தமிழில் ஒரு செய்திக்கு 70 குறியீடுகள்தான். கொம்பும் புள்ளியும் தனித்தனியே கணக்காகும் என்பதால் "வெள்ளம்" என்ற நான்கெழுத்துச் சொல்லே 7 இடத்தைப் பிடித்துவிடும். நீண்டால் செய்தி துண்டாகும். நெரிசலில் ஒரு துண்டு தவறினாலும் முழுச் செய்தி கிடைக்காது. செய்தியின் டெம்ப்ளேட்டை, அதாவது மாதிரி வாசகத்தை, முன்கூட்டியே பதிவுசெய்து ஒப்புதல் வாங்கவில்லையென்றால் தடுக்கப்படும். மழைக்காலத்துக்கு முன்பே அணைத் திறப்பு, முகாம், சாலைத் துண்டிப்பு ஆகியவற்றுக்கு டெம்ப்ளேட் தயாராக இருக்க வேண்டும்.

உயிருக்கு ஆபத்து என்றால் எங்கள் தேர்வு செல் பிராட்காஸ்ட். இதற்கு யாருடைய எண்ணும் வேண்டியதில்லை. அந்தப் பகுதி டவர்களின் கீழுள்ள போன்கள் உரத்த ஒலியோடு எச்சரிக்கும். வெளியூர்ப் பயணிக்கும் போகும். பழைய போன்கள் பலவற்றில் வராது என்பதால் எஸ்.எம்.எஸ்.ஸும் கூடவே போக வேண்டும். சின்ன விஷயங்களுக்கெல்லாம் இதை அனுப்பினால் மக்கள் எச்சரிக்கையையே அணைத்து வைத்துவிடுவார்கள்.

டவர் விழுந்தால் மூன்றுமே போச்சு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியபோது தூத்துக்குடி மாவட்டத்தில் தொலைத்தொடர்பே பல இடங்களில் அறுந்தது. சிக்னல் இருக்கும்போதே, நிலவரம் முழுதாகத் தெரியும் முன்பே, அனுப்பச் சொல்லும் துணிவு தலைமைக்கு வேண்டும். போலீஸ் வயர்லெஸ்ஸும் ஒலிபெருக்கி ஆட்டோவும் எந்தத் தெருவுக்கு என்ற பட்டியல், தாசில்தார் கையில் அச்சிட்ட தாளாகவே இருக்கட்டும்.