மாத்திரையா, ஊசியா: ஐயூஐயில் எது கைகொடுக்கும்?

ஐயூஐ (கழுவித் தேர்ந்தெடுத்த விந்தணுவை மெல்லிய குழாய் மூலம் கருப்பைக்குள் விடும் சிகிச்சை) முடிந்து படுத்திருக்கும்போது பலருக்கும் தோன்றும் கேள்வி, "எவ்வளவு நேரம் இப்படியே படுத்திருக்கணும்?" என்பதுதான். அதை முதலில் முடித்துவிடலாம். 2009இல் நெதர்லாந்தில் 391 தம்பதிகளை வைத்து நடந்த ஆய்வில், 15 நிமிடம் படுத்திருந்தவர்களில் 27 சதவீதத்தினருக்கும் உடனே எழுந்தவர்களில் 18 சதவீதத்தினருக்கும் கர்ப்பம் தங்கியது. இதைப் பார்த்தால் படுத்திருப்பதே நல்லது என்று தோன்றும். 2017இல் அதே நாட்டில் வெளியான இன்னொரு ஆய்வில் 498 பெண்கள். படுத்திருந்தவர்களுக்கு 32 சதவீதம், எழுந்து நடந்தவர்களுக்கு 40. விந்தணு கருப்பைக்குள்ளேயே விடப்படுகிறது, எழுந்தால் கொட்டிவிடாது. பத்து நிமிடம் படுப்பது மனசுக்கு நிம்மதி என்றால் படுங்கள், அவ்வளவுதான்.

உண்மையில் யோசிக்க வேண்டியது ஐயூஐக்கு முந்தைய பத்து நாட்களைப் பற்றி. சினைப்பையைத் தூண்ட எதை எடுத்துக்கொள்கிறோம்? க்ளோமிஃபின் மாத்திரை, லெட்ரோசோல் மாத்திரை, கோனடோட்ரோபின் (முட்டையை வளர்க்கும் ஹார்மோன்) ஊசி என்று மூன்று வழி இருக்கிறது. "எது பெஸ்ட்?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. முட்டையே வெளிவராதவருக்கு ஒரு முட்டை வந்தால் போதும். மாதாமாதம் ஒழுங்காக வந்தும் கரு தங்காதவருக்கு, வரும் ஒன்றோடு இன்னொன்றும் வந்தால் வாய்ப்பு கூடும். இரண்டும் வேறு வேறு தேவைகள்.

முதல் வகை பிசிஓஎஸ் (ஹார்மோன் கோளாறால் முட்டை ஒழுங்காக வெளிவராத நிலை) உள்ளவர்கள். இங்கே லெட்ரோசோல்தான் முன்னால் நிற்கிறது. 2014இல் அமெரிக்காவில் 750 பெண்களிடம் ஐந்து சைக்கிள் (மாதவிடாய்ச் சுழற்சி) வரை பார்த்ததில், லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதத்தினருக்குக் குழந்தை பிறந்தது. க்ளோமிஃபினில் அது 19.1. (அந்த ஆய்வில் ஐயூஐ கிடையாது, இயல்பான தாம்பத்தியம்தான். ஆனாலும் மருந்துத் தேர்வுக்கு அதுவே வழிகாட்டி.) காரணமும் புரிந்துகொள்ளக்கூடியதே. லெட்ரோசோல் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைக் கொஞ்ச நாள் குறைக்கிறது. உடனே மூளை, முட்டையை வளர்க்கும் ஹார்மோனான எஃப்எஸ்எச்சைக் கூட்டுகிறது. சினைப்பைக்குள் முட்டை இருக்கும் சிறு பை வளர வளர ஈஸ்ட்ரோஜன் மீண்டும் ஏறி, மூளைக்கு "போதும்" என்று சொல்லிவிடுகிறது. அதனால் பெரும்பாலும் ஒரு முட்டையோடு நின்றுவிடும். க்ளோமிஃபின் அப்படியல்ல. ஈஸ்ட்ரோஜன் இருப்பதையே மூளை உணராமல் மறைக்கிறது, உடம்பிலும் நெடுநாள் தங்குகிறது. சிலருக்குக் கருப்பையின் உள்சவ்வை மெலியவும் வைக்கும்.

இதைப் படித்துவிட்டு "அப்போ எனக்கும் லெட்ரோசோல்" என்று முடிவு கட்டுவது அவசரம். எல்லா டெஸ்டும் நார்மல், ஆனாலும் குழந்தை இல்லை என்ற நிலையில் உள்ள 900 தம்பதிகளுக்கு, ஐயூஐயோடு மூன்று மருந்தையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. நான்கு சைக்கிள் வரை பார்த்ததில் குழந்தை பிறந்தது ஊசியில் 32.2 சதவீதம், க்ளோமிஃபினில் 23.3, லெட்ரோசோலில் 18.7. வரிசையே தலைகீழ்!

ஊசி ஜெயித்துவிட்டதே என்றால், அதன் விலையையும் பார்க்க வேண்டும். காசைச் சொல்லவில்லை. ஊசியில் உண்டான கர்ப்பங்களில் 31.8 சதவீதம் ஒன்றுக்கு மேற்பட்ட கரு. அதில் 10 பேருக்கு மூன்று கரு. மாத்திரைகளில் ஒருவருக்குக்கூட மூன்று இல்லை. இரட்டைதான், அதுவும் க்ளோமிஃபினில் 9.4, லெட்ரோசோலில் 13.4 சதவீதம். இரட்டை என்றதும் சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. குறைமாதப் பிரசவம், இன்குபேட்டர், தாய்க்கு ரத்தக் கொதிப்பு எல்லாம் கூடவே வரும் என்பதை யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும். காரணம் தெரியாத குழந்தையின்மைக்கு என்னைக் கேட்டால், முதலில் மாத்திரையோடு ஐயூஐ என்பேன். ஊசி என்றால் குறைந்த அளவில், ஸ்கேனில் முட்டைகள் அதிகமாகத் தெரிந்தால் அந்த மாதத்தைக் கைவிடும் துணிவோடு.

சும்மா காத்திருந்தாலே தங்காதா என்ற சந்தேகமும் நியாயமானது. நியூசிலாந்தில் 2018இல் 201 தம்பதிகளைப் பார்த்தார்கள். மாத்திரையும் ஐயூஐயுமாக மூன்று சைக்கிள் போனவர்களில் 31 சதவீதத்தினருக்கும், அதே காலம் காத்திருந்தவர்களில் 9 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. இயற்கையாகவே கரு தங்கும் வாய்ப்பு மிகவும் குறைந்துபோன தம்பதிகள் இவர்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆறு மாதம் முன்பு திருமணமானவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

மற்றபடி, விந்தணுவைக் கழுவும் முறைகளில் ஒன்று மற்றதைவிட மேல் என்று நிரூபணமாகவில்லை. முட்டையை வெளிவரச் செய்யும் கடைசி ஊசி போட்டு 24 மணி நேரத்தில் செய்வதா 36இலா என்பதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே மாதத்தில் இரண்டு முறை ஐயூஐ செய்வதும் காரணம் தெரியாதவர்களுக்குப் பெரிதாக உதவுவதில்லை. ஆனால் கருக்குழாய் ஒன்றாவது திறந்திருக்கிறதா, கழுவிய பின் ஓடும் விந்தணு போதுமான அளவு தேறுகிறதா, இந்த இரண்டும் தெரியாமல் ஆரம்பித்தால் எந்த மருந்தும் வீண்.

கடைசியாக வயது. 38 முதல் 42 வயது வரையுள்ளவர்களிடம் 2014இல் செய்த ஒப்பீட்டில், முதல் இரண்டு சைக்கிளுக்குள் கர்ப்பமானவர்கள் க்ளோமிஃபின் ஐயூஐயில் 21.6 சதவீதம், ஊசி ஐயூஐயில் 17.3, நேராக ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) போனவர்களில் 49. முப்பது வயதில் மூன்று நான்கு ஐயூஐ பார்த்துவிட்டு யோசிக்கலாம். நாற்பதை நெருங்கும்போது மாத்திரையா ஊசியா என்ற விவாதத்திலேயே ஆறு மாதம் போனால், அந்த ஆறு மாதம்தான் பெரிய இழப்பு.